இல்லப் பிளக் மாற்றியல்: கொங்கு மரபு குறித்த ஒரு முன்னாய்வு

பெட்ரோல் காரின் சிலிண்டருக்குள் காற்றோடு கலந்து அழுத்தப்பட்ட எரிபொருளை உரிய கணத்தில் மின்பொறியால் பற்றவைக்கும் சிறு கருவி ஸ்பார்க் பிளக் எனப்படும்; தேய்ந்த பிளக்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் வினை, பட்டறைக்குச் செல்லாமல் வீட்டு வாசலிலேயே நிகழுமாயின், அது இல்லப் பிளக் மாற்றம் எனப்படும். கோவையிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்திலும் ஞாயிறு காலைகளில் இவ்வினை நிகழ்ந்துவந்தும், இதற்கென ஒரு நூற்பாவேனும் இயற்றப்படாமை ஆய்வுலகின் பெருங்குறையாகும்.

இம்மரபின் முதல்வராகக் கொள்ளத்தக்கவர் ஜி.டி. நாயுடு (1893–1974) ஆவார். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்த அவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். மேக்னெட்டோவோடு இணைந்து இயங்கும் உயர் மின்னழுத்தப் பிளக்கை ஜெர்மனியில் ராபர்ட் போஷின் பட்டறையைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்ட் 1902இல் உருவாக்கியதை நோக்க, அப்பிளக்குக்கு 18 வயது நிரம்பும்போது கொங்கு மண்ணில் பேருந்தே ஓடியது எனலாம். இதற்கும் முன்னே சென்று, நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டமையால் பிளக்கும் ஆங்கே வார்க்கப்பட்டிருத்தல் வேண்டும் எனத் துணிவார் எவரேனும் உளராயின், அவருக்கு அடுத்த கருத்தரங்கில் முதல் வரிசை இருக்கையும் பொன்னாடையும் உறுதி. செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆகிய பிற்காலச் செய்திகள், அங்கெல்லாம் பிளக் மாற்றம் வாசலில் நிகழாமையின், இவ்வாய்வினின்று விலக்கப்பட்டன.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வண்டி, 1983 டிசம்பரில் முதன்முதல் விற்கப்பட்ட மாருதி 800, 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஆதலின் மூன்று பிளக். டீசல் காருக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. டீசல் கார் உடையோர் இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கழற்றும் முறை எளிது. என்ஜின் நன்கு ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் நுனியிலுள்ள ரப்பர் மூடியைப் பிடித்தே இழுக்க வேண்டும்; இடம் மாறிப்போகாதபடி ஒவ்வொன்றாகவே கழற்ற வேண்டும். பிளக் ஸ்பேனர் எப்போதும் எதிர்வீட்டாருடையது.

கழற்றிய பிளக்கின் நுனி பிஸ்கட் நிறமாயின் என்ஜின் நலம். உலர்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையாயின் ரிங் தேய்வு. வெளுத்திருப்பின் சூடு மிகுதி. மின்பொறி தாவும் இடைவெளி இவ்வண்டிக்கு ஏறத்தாழ 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது கைநூல் கொள்கை. அதனை அளக்க ஃபீலர் கேஜ் உண்டு எனினும், ஆக்சா பிளேடைச் செருகிப் பார்ப்பதே வட்டார வழக்கு. அப்பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.63 மில்லிமீட்டர் ஆதலின், அவ்வாறு அளந்து பூட்டிய பிளக்குகள் சற்று நெருங்கிய கொள்கையுடையனவாகவே அமைகின்றன.

இனி இவ்வியலின் உயிர்நாடியான இறுக்குப் படலம். பிளக்கை முதலில் கையாலேயே திருகி, வாஷர் ஹெட்டில் படிந்தபின் ஸ்பேனரை எத்துணைச் சுற்று சுற்றுவது என்பதே வினா. அரைச் சுற்று என்போர் ஒரு சாரார். அதில் ஆறில் ஒரு பங்கே போதும் என்போர் மற்றொரு சாரார். முன்னையோர் சான்று காட்டுவது கைநூலின் கணபதிப் பரண் பிரதி எனப்படும் க-பிரதியை. அதன் உரிய பக்கத்தில் கிரீஸ் பெருவிரல் ரேகை ஒன்று எண்ணை மறைத்திருப்பினும், அந்த விரல் இறுக்கிய விரலே ஆதலின் ரேகையின் அழுத்தத்தைக் கொண்டே அளவை உய்த்துணரலாம் என்பது அவர்தம் வாதம். பின்னையோர் சான்று சிங்காநல்லூர்ச் சி-பிரதி. இதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பும், அக்குறிப்பை மறுக்கும் சிவப்பு மைக் குறிப்பும், இரண்டையும் சமன்செய்யும் பால் கணக்கும் உள. பால் கணக்கு இடைச்செருகலா அன்றா என்பது குறித்து மட்டும் மூன்று ஆய்வேடுகள் எழுந்து, நான்காவது ஆய்வேடு முதல் மூன்றையும் தொகுத்து முனைவர் பட்டம் பெற்றது. இரு சாராரும் ஒருவரை ஒருவர் மறுத்து எழுதியே பேராசிரியர் பதவி எய்தினர். எவர் கையிலும் கிரீஸ் பட்டதாகச் சான்றில்லை.

கள ஆய்விலோ, குனிந்திருக்கும் மருமகனின் முதுகுக்குப் பின்னே டம்ளரோடு நிற்கும் மாமனாரே இறுதி உரையாசிரியராக விளங்குகிறார்.

“இன்னுமொரு புடி புடிங்க மாப்ள.”

“போதுமுங்க மாமா, மரை போயிருமுங்க.”

“அட, லூசா உட்டா மிஸ்ஸிங் அடிக்குமுங்க.”

இருவர் கூற்றும் இயந்திரவியலுக்கு இயைந்தவையே. தளர்ந்த பிளக்கின் வழியே அழுத்தம் கசியும். பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் நுனியிலேயே தங்கும். மிகையாக இறுக்கினால் ஹெட்டின் மரை அழியும். உண்மையில் நூற்றாண்டுப் பூசலுக்குரிய காரணம் வாஷரில் இருக்கிறது: புதிய பிளக்கின் வாஷர் நசுங்காதது ஆகையால் அது நசுங்கி அடைக்க ஏறத்தாழ அரைச் சுற்று வேண்டும், ஒருமுறை பூட்டிக் கழற்றியதன் வாஷர் முன்பே நசுங்கிவிட்டமையின், கடிகாரத்தின் சிறிய முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவே அதற்குப் போதும். க-பிரதிக்காரர் புதுப் பிளக் வாங்கியவர். சி-பிரதிக்காரர் பழையதையே எமரித் தாளால் தேய்த்துப் பூட்டியவர். இம்முடிபு ஆய்விதழ்களுக்கு அனுப்பப்பட்டபோது, மேற்கோள் பட்டியல் போதாது எனத் திருப்பப்பட்டது.

கழற்றிய மூன்று பழைய பிளக்குகளும் எறியப்படுவதில்லை. அவசரத்துக்கு ஆகுமென்று பிஸ்கட் டப்பாவில் இட்டுப் பரணில் வைக்கப்படுகின்றன. அவ்வவசரம் எய்திய செய்தி எப்பிரதியிலும் காணப்படவில்லை.