தோஷத்துக்குத் தோஷம் சரியாப்போச்சு

பழம் அழுகுவதற்கும் ஒரு ராசி வேண்டும்.

காமயகவுண்டன்பட்டி, கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்க்கிறோம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி. 1895-ல் பென்னிகுக் அணையைக் கட்டி முடித்துப் பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட புண்ணியத்தில் பள்ளத்தாக்கு பச்சையானது. 2023-ல் புவிசார் குறியீடும் வந்தாயிற்று. விலை படுத்துவிட்டால் பந்தலிலேயே விட்டு அழுகிப்போகிற குலைகளுக்குக் கணக்கில்லை. அதில் ஒரே ஒரு குலையாவது அறிவியல் வரலாற்றில் இடம் பிடித்ததா?

அந்த யோகம் அடித்தது கலிஃபோர்னியாவின் மெர்செட் ஊர் அத்திப்பழத்துக்கு. 1938-ல் அங்கே அழுகிக் கிடந்த அத்தியிலிருந்து எமில் ம்ராக் ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். உலகத்து ஆய்வகங்களில் குடியிருக்கும் எஸ்288சி என்ற ஈஸ்ட் வம்சத்தின் மரபணுக்களில் சுமார் 88 சதவீதம் அந்த அத்திப்பழத்துப் பூர்வீகச் சொத்து. அதற்கு முந்தைய வருஷம்தான், 1937-ல், ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்திருந்தார். 1948-க்குள் அது சென்னை மாகாணம் முழுக்கப் பரவிவிட்டது. நொதித்த பழச்சாற்றைப் பாட்டிலில் வைத்திருந்தால் அங்கே அது ஆராய்ச்சி, இங்கே ஊறல் கேஸ்.

திராட்சைக்கும் பெருமை வந்தது, நம் திராட்சைக்குத்தான் வரவில்லை. முன்னதைப் போல மொட்டு விடாமல் நடுவில் பிளந்து இரண்டாகும் இன்னொரு ஈஸ்ட் உண்டு. ஆய்வகங்களில் இருக்கும் அதன் வம்சம், 1920-களில் சுவிட்சர்லாந்தில் ஒஸ்டர்வால்டர் திராட்சைச் சாற்றிலிருந்து எடுத்தது. (பழத்தோல் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் ஈஸ்ட் என்று பல பேர் நினைக்கிறார்கள். அது வெறும் மெழுகு.)

இந்த இரண்டு ஈஸ்ட்டும் மேடை. இனி கதாநாயகன், ஆக்டின் என்ற தசைப் புரதம். பிறப்பிடம் ஹங்கேரியின் செகெட் நகரம், உலகப் போரின் நடுவே, 1942. தசையிலிருந்து அதைப் பிரித்தவர் ஸ்ட்ராப். அவருடைய ஆய்வகத் தலைவர் சென்ட்-ஜியோர்ஜி, பாப்ரிகா மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைக் கூடை கூடையாகப் பிரித்தவர், 1937-லேயே நோபல் வாங்கியவர். 1943-ல் சொற்பொழிவு ஆற்றப் போவதாகச் சொல்லிவிட்டு இஸ்தான்புல் போய்ப் பிரிட்டிஷ் உளவுத்துறையைப் பார்த்துவிட்டு வந்தார். விஷயம் ஹிட்லர் காதுக்கு எட்டியது, மனிதர் தலைமறைவாக வேண்டியதாயிற்று. ஆக்டின் ஆராய்ச்சியில் அதற்குப் பிறகு யாரும் இவ்வளவு விறுவிறுப்பாக வாழவில்லை. மற்றவர்கள் எல்லாம் கிராண்ட் கேட்டு விண்ணப்பம் எழுதினார்கள்.

தசைப் புரதம் தசையே இல்லாத ஈஸ்ட்டில் இருக்கிறது என்று 1980-ல் மரபணுவோடு நிரூபித்தார்கள். நம் தசை ஆக்டினோடு சுமார் 87 சதவீதம் ஒத்துப்போகிறது. நமக்கு ஆறு ஆக்டின் மரபணு, ஈஸ்ட்டுக்கு ஒன்றே ஒன்று. மரபியல்காரருக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது, ஏனென்றால் அவர் தொழிலே கெடுத்துப் பார்ப்பதுதான். 1982-ல் ஷார்ட்டில், ஹேபர், பாட்ஸ்டைன் மூவரும் அந்த ஒற்றை மரபணுவைக் குலைத்தார்கள். ஈஸ்ட் செத்தது. செத்ததை வைத்து என்ன ஆராய்வது? ஆகவே அரைகுறையாகக் கெடுத்தார்கள்: 25 டிகிரியில் தெம்பாக இருக்கும், 37 டிகிரியில் சுருண்டுவிடும். 37 டிகிரி என்பது சித்திரை மாசத்தில் தேனி பஸ் ஸ்டாண்டு.

ஆக்டின் தனியாக ஒன்றும் சாதிப்பதில்லை. இழையாகக் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த இழையைக் கற்றையாகக் கட்ட, வெட்ட, நுனியை மூட என்று ஏவலாட்கள் உண்டு. அவர்கள் யார்? பாட்ஸ்டைன் ஆய்வகத்தில் டேவிட் ட்ரூபின் ஆக்டின் இழைகளை ஒரு குழாயில் அடைத்து, ஈஸ்ட்டை அரைத்த சாற்றை மேலே ஊற்றி, யார் ஒட்டிக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்தார். 1988-ல் அகப்பட்டவர்களில் முக்கியமானவருக்கு ஏபிபி1 என்று பெயர். அளவுக்கு மேல் போட்டால் செல்லில் கண்ட இடத்தில் வளர்ச்சி வருகிறது. சரி, பெரிய புள்ளிதான் என்று மரபணுவை அடியோடு நீக்கினார்கள். ஈஸ்ட் கண்டுகொள்ளவே இல்லை.

அதே ஆய்வகத்தில் அலிசன் ஆடம்ஸ் வேறு வழியில் போனார். கெட்ட ஆக்டினோடு 37 டிகிரியில் பிழைக்கிற ஈஸ்ட்டைத் தேடுவது. வேலை என்னவோ எளிமைதான். ஒரு தட்டில் முளைத்த காலனிகள் மேல் சுத்தமான வெல்வெட் துணியை ஒற்ற வேண்டும். அதே துணியை இன்னும் இரண்டு தட்டுகளில் ஒற்றி ஒன்றைக் குளிரிலும் மற்றதைச் சூட்டிலும் வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து எந்தப் புள்ளி காணோம், எது உட்கார்ந்திருக்கிறது என்று கண் எரிய எரியப் பார்க்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு வகையில் சாக்6 என்ற மரபணுவும் கெட்டிருந்தது. கூத்து இங்கேதான். ஆக்டின் மட்டும் கெட்டால் ஈஸ்ட் நோஞ்சான். சாக்6 மட்டும் அப்படிக் கெட்டாலும் நோஞ்சான். இரண்டும் சேர்ந்து கெட்டால் சூட்டிலும் பிழைத்துக் கிடக்கிறது!

அமெரிக்காவில் இதற்கு 1989 வரை காத்திருந்தார்கள். உத்தமபாளையத்தில் எந்த ஜோசியரைக் கேட்டிருந்தாலும் வெற்றிலையை மென்றபடி சொல்லியிருப்பார்.

“பொண்ணுக்கு எட்டுல செவ்வாய்ங்கய்யா.”

“பையனுக்கு?”

“ஏழுல.”

“அப்புறம் என்னத்தா யோசனை? தோஷத்துக்குத் தோஷம் சரியாப்போச்சு. முகூர்த்தத்தைப் பாருங்க.”

ஒரே வித்தியாசம், ஜோசியர் எந்தத் தம்பதியையும் 25 டிகிரித் தட்டில் ஒன்று, 37 டிகிரித் தட்டில் ஒன்று என்று வைத்துப் பார்த்ததில்லை. ஆடம்ஸ் வைத்துப் பார்த்தார். ஜாதகத்துக்குக் காரணமும் பின்னால் கிடைத்தது: பழுதான ஆக்டின் மேல் சாக்6-ன் பிடி தளர்கிறது, பழுதான சாக்6 வழக்கத்தைவிட இறுக்கிப் பிடிக்கிறது, கூட்டிக் கழித்தால் நேராகிவிடுகிறது. அதோடு, ட்ரூபினின் குழாயில் ஒட்டிக்கொண்டு பெயர் தெரியாமல் நின்ற இன்னொரு புரதம் இந்தச் சாக்6-தான் என்றும் தெரிந்தது. நம் குடல் செல்களில் இழைகளைக் கற்றையாகக் கட்டும் ஃபிம்ப்ரினின் உறவுக்காரர்.

பிளக்கும் ஈஸ்ட்டின் கதையில் நம் நாட்டவர் ஒருவர் நுழைகிறார், மோகன் பாலசுப்பிரமணியன். பால் நர்ஸ் கூட்டத்தார் 1970-களிலேயே பிரியத் தெரியாத ஈஸ்ட்டுகளைப் பொறுக்கி எண் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே கருக்கள் பெருகிக்கொண்டே போகும், நடுவில் சுவர் மட்டும் எழாது. கனடாவில் இருந்துகொண்டு பாலசுப்பிரமணியன் அந்தப் பட்டியலில் சிடிசி8 என்பது ட்ரோபோமயோசின் என்று 1992-லும், சிடிசி3 என்பது ப்ரொஃபிலின் என்று 1994-லும் காட்டினார். இரண்டுமே ஆக்டினின் ஏவலாட்கள். செல்லின் இடுப்பில் ஆக்டின் வளையம் இறுகினால்தான் பிளவு, இவர்கள் வராவிட்டால் வளையமே அமையாது. பிறகு அவர் சிங்கப்பூரில் டெமாசெக் ஆய்வகம், இங்கிலாந்தில் வாரிக் என்று போனார். பெங்களூரு ஐஐஎஸ்சியில் சரவணன் பழனியின் குழு இப்போது மொட்டு விடும் ஈஸ்ட்டின் ட்ரோபோமயோசினை வைத்து மல்லுக்கட்டுகிறது.

நீக்கியும் யாரும் தேடாத ஏபிபி1 என்ன ஆனார்? 1993-ல் அவரை நீக்கிய ஈஸ்ட்டில் இரண்டாவதாக ஒருவரையும் கெடுத்துப் பார்த்தார்கள். சாக்6 கெட்டால் சாவு, ஸ்லா1, ஸ்லா2 கெட்டாலும் சாவு. ஆக, உத்தியோகம் இருந்திருக்கிறது, மற்றவர்கள் லீவு போட்டால்தான் தெரிகிறது. 2003 வாக்கில் ட்ரூபின் குழு செல்லின் ஓரத்தில் மின்னும் ஆக்டின் புள்ளிகளைப் படம் பிடித்தது. வெளியிலிருப்பதை விழுங்கி உள்ளே இழுக்கும் வாசல்கள் அவை. வாசலுக்கு ஆக்டின் எந்த விநாடியில் வந்து சேர்கிறது என்று பார்க்க ஏபிபி1-மேல்தான் பச்சை ஒளிர் புரதத்தைக் கட்டினார்கள். ஆளே இல்லாவிட்டாலும் செல் கேட்காது என்பதால், அவர் தலையில் எதைக் கட்டினாலும் ஆட்சேபணை செய்ய ஆள் இல்லை.