சிலிண்டர் மூடியாச்சா?

என் மனைவி எனக்கு வைத்திருக்கும் பெயர் கோபுரந்தாங்கி. கோயில் கோபுரத்தில் கண் பிதுங்க, கன்னம் உப்ப, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்குமே ஒரு சுதைப் பொம்மை, அதுதான். தான் கையை எடுத்தால் ஏழு நிலையும் பொலபொலவென்று சரிந்துவிடும் என்று அதற்கு நினைப்பு. பாவம், அதனால் புலம்ப முடியாது. என்னால் முடியும்.

வீட்டில் மோட்டர் போடுவது நான். போடுவது பெரிதில்லை, ஞாபகமாக நிறுத்த வேண்டுமே! 1,000 லிட்டர் சின்டெக்ஸ் நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு வடகத்தில் விழுந்தால் யார் பதில் சொல்வது? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில் கட்டுவதும் நான். மீட்டர் 500 யூனிட்டை நெருங்குகிறதா என்று ஸ்டூல் போட்டு எட்டிப் பார்ப்பதும் நானே. அதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு. ராத்திரி கேட் பூட்டு, மொட்டைமாடிக் கதவு, சிலிண்டர். எல்லாம் பார்த்துவிட்டுப் படுத்த பிறகு, 'சிலிண்டரைப் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா?' என்று ஒரு சந்தேகம் வரும். வேதாந்திகளுக்கு வருகிற ரகம். விடை மட்டும் அடுப்படியில் இருக்கும்.

போன மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். அப்படியே கோயில், குளம், சொந்தக்காரர் வீடு என்று பத்து நாள். நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டைத் தொடும் முன்பே போன் போட்டேன்.

"மோட்டர் ஆஃப் பண்ணியாச்சா?"

"இன்னும் போடவே இல்லைங்க."

விழுப்புரத்தில் மறுபடி. "சிலிண்டர் மூடியாச்சா?"

"தோசை ஊத்திட்டிருக்கேன்."

அதற்கப்புறம் அவள் போனை எடுக்கவில்லை. வீடு தீப்பிடித்து எரிவதாகவும், அதே வீட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போவதாகவும் அப்பர் பெர்த்தில் ஒரே கனவில் கண்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் வீடு நின்ற இடத்திலேயே நின்றது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. பில் கட்டியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. நல்லவேளையாக, ரோஜாச் செடி செத்திருந்தது.

"பார்த்தியா, நான் இல்லைன்னா ஒரு செடிக்குத் தண்ணி ஊத்த நாதியில்லை" என்று ஆரம்பித்தேன். நர்சரிக்காரர் வேரைப் பிடுங்கி மோந்து பார்த்தார். "தண்ணி ஜாஸ்தி சார். வேர் அழுகிடுச்சு."

விசாரணையில் தெரிந்தது: காலையில் மனைவி, மாலையில் மகன், நடுவில் பக்கத்து வீட்டு மாமி. ஒருத்தரை நம்பி விட முடியாது என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனவன் நான்தான். ஆளாளுக்கு ஒரு வாளி. அதிலும் ஒவ்வொருவருக்கும் தான் மட்டுமே அந்தச் செடியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத் தியாக உணர்ச்சி வேறு!

1979இல் ராஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன், மனைவி இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு பங்கையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அவரவர் செய்தது அவரவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். சண்டையைக் கிளப்புவது யார் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதிலும் ஆளுக்கு ஆள் கூடுதல் பங்கு கேட்டிருக்கிறார்கள்! எங்கள் வீட்டில் கேட்டிருந்தால் மாமியையும் சேர்த்து நானூறு வந்திருக்கும்.

இதையெல்லாம் யோசித்து, நேற்று ராத்திரி முதல்முறையாக எதையும் பார்க்காமல் போய்ப் படுத்தேன். பதினொன்றேகால் வரைக்கும் தாங்கியது. பூனை மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போனால், அங்கே என் மனைவி செல்போன் வெளிச்சத்தில் குனிந்து சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக, நான் தூங்கிய பிறகு தினமும் பார்க்கிறாளாம்.

மூடித்தான் இருந்தது. மகன் மூடியிருக்கிறான்.