மேயர் மேடையில், சாதனை தெருமுனையில்

கேள்வி: எங்கள் வார்டு கவுன்சிலரின் சாதனை நோட்டீஸ் கதவிடுக்கில் வந்து விழுந்தது. மொத்தம் பதினாறு சாதனைகள். நம்பலாமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: வினைமுற்றுகளை மட்டும் படியுங்கள். ‘முடிந்தது’ என்றிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘நடைபெறுகிறது’ என்றிருந்தால், பள்ளம் தோண்டி எத்தனை நாளாயிற்று என்று எதிர்வீட்டில் விசாரியுங்கள். ‘விரைவில்’ என்றால் தேதி கேளுங்கள். இலக்கணம் தெரிந்த வாக்காளரிடம் யாரும் வாலாட்ட முடியாது.

கேள்வி: சென்னை மாநகராட்சிக்கு உண்மையில் என்ன வயது? – மாணவி, ராயபுரம்

பதில்: பிறந்த தேதி 29 செப்டம்பர் 1688. இந்தியாவில் இதைவிட மூத்த மாநகராட்சி கிடையாது. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று பாட்டி சொல்லியிருப்பார். இந்தப் பெரியவர் விதிவிலக்கு. இவருக்கு நாம் வரி கட்டுகிறோம்.

கேள்வி: இத்தனை வருஷத்தில் இந்த மாநகராட்சி செய்த ஒரே ஒரு உருப்படியான காரியத்தைச் சொல்லுங்கள், பார்க்கலாம். – ஓய்வுபெற்ற ஆசிரியர், அயனாவரம்

பதில்: சவாலா? 1920. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட முடிவெடுத்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா.

பசித்த பிள்ளை கரும்பலகையைப் பார்க்காது, மணி எப்போது அடிக்கும் என்றுதான் பார்க்கும். ஆசிரியரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. காமராஜர் 1956-ல் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக்கினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துகொண்டது. காமராஜருக்குப் பிறகு கட்சிக்குக் கட்சி கொடி மாறியது. அடுப்பை அணைக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பெயர்தான் சாதனை.

கேள்வி: பலனைத் தன் கண்ணால் பார்க்காமலே போன மேயர் யாராவது உண்டா? – வாசகர், திருவள்ளூர்

பதில்: உங்கள் ஊர்ப்பக்கமே சாட்சி இருக்கிறது. சத்தியமூர்த்தி 1939-ல் மேயரானபோது பட்டணம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டப் போராடி, வேலையைத் தொடங்க வைத்தார். 1943-ல் மறைந்தார். நீர்த்தேக்கம் முடிந்தது 1944-ல். நிரம்பியதை அவர் பார்க்கவில்லை. சென்னை இன்னும் குடிக்கிறது.

கேள்வி: குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கவுன்சிலரிடம் சண்டை போட்டேன். சரிதானே? – இல்லத்தரசி, வியாசர்பாடி

பதில்: கோபம் சரி, விலாசம் பாதிதான் சரி. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978 முதல் மெட்ரோ வாட்டர் என்கிற தனி வாரியத்தின் பொறுப்பு. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பூங்கா ஆகியவை மாநகராட்சி. ஆனாலும் கவுன்சிலரை விட்டுவிடாதீர்கள். வாரிய அலுவலகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் மனு, கவுன்சிலரோடு போனால் பேச்சு.

கேள்வி: மேயர் பெரியவரா, கமிஷனர் பெரியவரா? – கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: மேயருக்கு அங்கியும் செங்கோலும். கமிஷனருக்குக் கோப்பும் கையெழுத்தும். மன்றம் தீர்மானம் போடும், அதை நடத்திக்காட்டுவது ஐ.ஏ.எஸ். அதிகாரியான கமிஷனர். எந்த மனுவுக்கும் இரண்டு நகல் எடுங்கள், ஆளுக்கொன்று.

கேள்வி: எங்கள் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் வார்டு வேலைக்கெல்லாம் வந்து நிற்பது அவருடைய வீட்டுக்காரர். – சுயஉதவிக் குழுப் பெண், கொளத்தூர்

பதில்: அடுத்த முறை அவர் வந்தால், “அண்ணே, நாங்க ஓட்டுப் போட்டது அக்காவுக்கு. அக்காவை வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நகராமல் நில்லுங்கள். உங்கள் குழுவே திரண்டு நின்றால் இன்னும் நல்லது. தாரா செரியன் 1957-ல் சென்னையின் முதல் பெண் மேயரானார். 2022-ல் பிரியா ராஜன் மேயரானபோது வயது 28. நாற்காலி பெண்ணுக்கு வந்து எத்தனையோ காலமாயிற்று. அதில் துண்டு போட்டு இடம் பிடிக்க அந்த வீட்டுக்காரர் யார்?

கேள்வி: கவுன்சிலரே இல்லாவிட்டால்தான் என்ன? அதிகாரிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? – வாசகர், அடையாறு

பதில்: பார்த்தாயிற்று, இரண்டு தடவை. 1973-ல் கலைக்கப்பட்ட மன்றம் மறுபடி கூடியது 1996-ல். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, ஓட்டுரிமையும் வாங்கிவிட்டது. அதுவரை கவுன்சிலர் என்றால் யார் என்றே அதற்குத் தெரியாது. பிறகு 2016 முதல் 2022 வரை இன்னொரு இடைவெளி. அதிகாரிக்கு இடமாற்றம் உண்டு. கவுன்சிலர் அதே தெருவில், அதே டீக்கடையில், நம் கண்ணெதிரே நின்றாக வேண்டும். அந்தக் கூச்சம் இருக்கிறதே, அது ஊருக்குக் கிடைத்த சொத்து.

கேள்வி: கவுன்சிலருக்குச் சம்பளம் எவ்வளவு? – ஆட்டோ ஓட்டுநர், மாதவரம்

பதில்: மாநகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய், மேயருக்கு 30,000. 2023-ல் அறிவித்தது. நேர்மையானவருக்குப் பெட்ரோலுக்கே போதாது. மற்றவருக்கு இது கணக்கிலேயே வராது. நேர்மையானவர் நிலைக்க வேண்டுமானால் தொகையைக் கூட்ட வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: குப்பையைப் பிரித்துக் கொடு என்கிறார்கள். எல்லாம் ஒரே வண்டியில்தானே போகிறது? – வாசகர், மயிலாப்பூர்

பதில்: நேற்றுக் காலை எங்கள் தெருவில் பார்த்ததைச் சொல்கிறேன். பேட்டரி வண்டியோடு வந்த அம்மா, ஒரு வீட்டுப் பையைப் பிரித்தார். சாம்பார் சோற்றுக்குள் மாத்திரை அட்டை, உடைந்த பல்பு. பல்புச் சில்லை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, தேங்காய் ஓட்டில் வைத்து, தனியாக ஒதுக்கினார். கையில் உறை இல்லை. அந்த வீட்டம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “கண்ணாடி இருந்தா ஒரு குரல் குடு தாயி.”

சென்னையின் குப்பை நாளைக்கு ஏறத்தாழ 5,000 டன். அது கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய் மலையாகிறது. மலையை விடுங்கள், அந்த விரல்களை நினைத்துப் பிரித்துக் கொடுங்கள். உறை ஏன் இல்லை என்று மாநகராட்சியைக் கேளுங்கள். சாதனைப் பட்டியலில் முதல் வரியாக வர வேண்டியது அந்த உறை.

கேள்வி: மாநகராட்சிக்குப் புகார் சொல்லும் தொலைபேசி எண் மறந்துபோகிறது. – மூத்த குடிமகள், புரசைவாக்கம்

பதில்: மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டு எதுவோ, அதுவேதான் எண்: 1913. வரலாற்றுப் பாடம் இவ்வளவு உதவியாக இருப்பது அபூர்வம். புகாரைச் சொன்ன கையோடு பதிவு எண்ணை வாங்கி காலண்டரில் எழுதிவையுங்கள், அம்மா. எண் இல்லாத புகார் வெறும் புலம்பல்.

கேள்வி: ஏரியா சபை என்கிறார்களே, போனால் பிரயோஜனம் உண்டா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: கிராமசபைக்கு நகரத்துத் தங்கை. நவம்பர் 1-ஐ உள்ளாட்சி நாளாக்கி, 2022-ல் அன்றைக்கே கூட்டத் தொடங்கினார்கள். அவசியம் போங்கள். உங்கள் நாற்காலியில் நீங்கள் உட்காராவிட்டால், உங்கள் சார்பில் கைதட்ட வேறொருவர் உட்கார்ந்துவிடுவார்.

கேள்வி: ரொம்ப நாளாக எரியாத தெருவிளக்கு நேற்று எரிந்தது. யாருக்கு நன்றி சொல்ல? – வாசகி, திருவொற்றியூர்

பதில்: புகார் கொடுத்த உங்களுக்கு, தொடர்ந்து கேட்ட கவுன்சிலருக்கு. அதற்கெல்லாம் முன்னால், ஏணியில் ஏறியவருக்கு. நோட்டீஸில் அவர் பெயர் வராது. அடுத்த முறை வரும்போது ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துப் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.