மண்ணின் காவலர்

திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டுச் சமவெளியிலும் பரவலாகக் காணப்படுபவர் மண்ணின் காவலர். காலையில் டீக்கடை பெஞ்சில் இவரை எளிதில் அடையாளம் காணலாம். சீமைக்கருவேலமும் வெளிநாட்டு ஜீவராசிகளும் சேர்ந்து நாட்டையே கெடுத்துவிட்டன என்பது இவர் தினமும் பாடும் பல்லவி.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவார். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆத்தூர் டேம் மீனுதானப்பா? வெளியூர்ச் சரக்கு நமக்கு ஆகாது" என்பார். கையில் இருப்பது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. 1952-ல் இந்தியாவுக்கு வந்து, நாட்டு மீன்களை ஒதுக்கிவிட்டுக் குளம் குளமாகப் பரவியது. குழம்பில் கொதித்த உடனே அது நம்மூர் மீனாகிவிடும்.

தோட்டத்தில் மக்காச்சோளம் போட்டிருப்பார். பயிரும் அமெரிக்கக் கண்டத்தது, 2018-ல் வந்து அதைத் தின்னத் தொடங்கிய படைப்புழுவும் அமெரிக்கக் கண்டத்தது. சோளத்துக்குக் குடியுரிமை உண்டு, புழுவுக்குக் கிடையாது. வீட்டில் லாப்ரடார் நாயும், ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட லவ் பேர்ட்ஸும் இருக்கும். இரண்டும் குடும்ப உறுப்பினர்கள்.

அசல் உள்ளூர் ஜீவன்களின் பாடுதான் திண்டாட்டம். மயில் 1963 முதல் தேசியப் பறவை. சுதந்திர தினத்தன்று அதன் படத்தை எல்லோருக்கும் அனுப்புவார், மறுநாள் நிலக்கடலைக் காட்டில் அதை வெடி போட்டு விரட்டுவார். சிறுமலையில் வார இறுதி வீட்டுக்கு இடம் வாங்கிக் கம்பிவேலி போட்டபின், காட்டுமாடு அத்துமீறி நுழைகிறது என்று வனத்துறைக்கு மனு எழுதுவார். டவுனில் இவர் குடியிருப்பது கண்மாய்க்கரையை மேடாக்கிப் போட்ட பிளாட். மழைக்காலத்தில் சாரைப்பாம்பு பழைய வழியில் வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பறக்கும். "பாம்பு குடியிருப்புக்குள்ள புகுந்திருச்சு சார்!"

தேவாங்கு விஷயத்தில் இவர் போக்கு தனி. ராத்திரி கண் விழித்துப் போன் பார்க்கும் மகனை, "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று திட்டுவார். 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தபோது, இந்தியாவிலேயே முதலாவது என்று நெஞ்சு நிமிர்த்தினார். வேடசந்தூர் பக்கம் இருக்கும் தன் நிலம் எல்லைக்குள் வரவில்லை என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் செய்தியைத் தட்டிவிட்டார்.