ஏழும் எட்டும் ஏழரையும்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த குழந்தை, ஒன்று இரண்டு என்று எண்ணக் கற்பதற்கு முன்பே ஏழரை என்ற தொகையைக் காதால் கேட்டுவிடுகிறது. வரப்புத் தகராறை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவன், பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவன், குழம்புச் சட்டியை உடைத்தவன் ஆகிய சகலரையும் என் பெரியப்பா, "ஏழரையக் கூட்டிட்டு வந்துட்டியால?" என்ற ஒரே வாக்கியத்தால் வரவேற்பார். சனி பகவான் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவரச் சுமார் 30 ஆண்டுகள் பிடிக்கிறபடியால், ராசிக்கு இரண்டரை ஆண்டு வீதம், ஜன்மராசியிலும் அதன் முன்பின் ராசிகளிலுமாக அவர் தங்கும் காலமே இந்த ஏழரை. வேறெந்தக் கணக்கிலும் பெரியப்பா இத்தனை சுத்தமாக இருந்ததில்லை. 'நாலு பேர் என்ன சொல்லுவாவ' என்று அவர் அஞ்சிய நால்வரில் ஊரே அடக்கம். டவுனிலிருந்து குறுக்குத்துறைக்கு 'நாலே எட்டு' என்பார், நடந்தவனுக்குத்தான் தெரியும்.

சீனரும் பேச்சில் எண்களைத் தாராளமாகத் தூவுகிறவர்களே. மனம் நிலைகொள்ளாமல் தவிப்பதை 'ஏழு மேலே, எட்டுக் கீழே' என்பார்கள். பதினைந்து வாளிகள் கிணற்றில் ஏறியிறங்குவதாகக் கற்பனை. தாறுமாறாகக் கிடப்பதைச் சொல்லும் தொடரிலும் அதே ஏழும் எட்டும் வருகின்றன. ஆக, சங்கடம் என்பது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது என்ற மட்டோடு அந்தப் புராதன நாகரிகம் திருப்தியடைந்துவிட, எங்கள் தாமிரபரணிக் கரையோ அதைச் சரிபாதியில் பிடித்து ஏழரை என்று அறுதியிட்டுவிட்டது. 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளை ஒப்பிக்கவைத்த ஜனங்களுக்கு அரையைக் கண்டுபிடிப்பதா பிரயாசை!

இருவரும் ஒரே தரம் என்று இகழ்வதற்குச் சீனர் சொல்வது 'அரை ஜின், எட்டு லியாங்'. அப்போது ஒரு ஜின்னுக்குப் பதினாறு லியாங். 1959-இல் அரசாங்கம் அதைப் பத்தாக்கிய பின்பும் வசவு மட்டும் பழைய நிறுவையிலேயே நடக்கிறது. நாமும் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு பதினாறு அணாவுக்கு விடைகொடுத்தோம். ஆனால் ஆகாத மனிதனைக் 'காலணாவுக்குப் பெறாதவன்' என்று இன்றும் மதிப்பிடுகிறோம். 'ஒன்றரைப் பைசாவுக்கு' என்று துல்லியமாகத் திட்டினால் யாருக்கு ரோஷம் வரும்?

வாசகர்களில் எவருக்கேனும் ஏழரை நடக்குமாயின் சீனம் வரை போகவேண்டியதில்லை. நவகைலாயங்களில் சனிக்குரிய தலம் ஸ்ரீவைகுண்டத்துக் கைலாசநாதர் கோயில். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சர் ரயில் அங்கே நிற்கும்.