8 குதிரையும் 40 சதவீதமும்

ஸ்ப்ளெண்டரின் 8 குதிரைத்திறன் போதவில்லை என்று அலுவலக நண்பருக்குத் திடீரென்று ஞானோதயம். தாம்பரத்திலிருந்து கிண்டி வரும் காலை நெரிசலில் அந்த எட்டில் ஐந்து சும்மாதான் படுத்திருக்கிறது என்பது வேறு விஷயம். டியூக் 390 வேண்டுமாம். குதிரைகள் 40-க்கு மேல். ராத்திரியெல்லாம் யூடியூபில் சைலன்சர் சத்தம் கேட்கிறார். டார்க், ஸ்லிப்பர் கிளட்ச் என்று வாய் ஓயவில்லை. ஷோரூமில் கேட்ட முதல் கேள்வி மட்டும் பரம்பரைச் சொத்து: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

இதற்கிடையில் அரசாங்கம் ஆசைக்கு அளவுகோல் வைத்துவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம்; தாண்டினால் 40. ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கோ 349 சிசி, கோட்டுக்கு இந்தப் பக்கம் சமர்த்தாகக் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறது. வேகம் என்பது சின்னப் பசங்க சமாச்சாரம், கம்பீரம்தான் முக்கியம் என்று நண்பர் அன்றைக்கே கொள்கையை மாற்றிக்கொண்டார். எடை 195 கிலோ. வாசல் சறுக்கில் ஏற்ற, தினமும் மச்சான் வந்து பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

டெஸ்ட் ரைடுக்கு மனைவியும் போனார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்: "ஏங்க, இதுல அரிசி மூட்டையை எங்க வைப்பீங்க?"

சேல்ஸ் பையன் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.