பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க

தாராசுரம், கும்பகோணம் வட்டாரத்தில் ஒன்பது கிரகங்களின் சஞ்சாரத்தைத் தீர்மானிப்பவர் வாடகைக் கார் டிரைவர். பஞ்சாங்கத்தில் எந்தக் கிரகம் எந்த வீட்டில் இருந்தாலும் சரி, அவர் கணக்கில் காலை ஆறு மணிக்குச் சந்திரன், அதாவது திங்களூர். அப்புறம் ஆலங்குடியில் குரு, திருநாகேஸ்வரத்தில் ராகு, சூரியனார் கோயில், கஞ்சனூரில் சுக்கிரன், வைத்தீஸ்வரன் கோயிலில் செவ்வாய். இத்தனையும் உச்சிப்பொழுதுக்குள். சாமிகள் ஓய்வெடுத்து எழுந்ததும் திருவெண்காட்டுப் புதன், கீழப்பெரும்பள்ளத்துக் கேது. இருட்டினால் திருநள்ளாறு. வானத்தில் சனி ஒருமுறை சூரியனைச் சுற்றி வர ஏறத்தாழ 29 ஆண்டு ஆகிறது. நம்மவர் ஒன்பது பேரையும் ஒரே நாளில் முடித்து, ராத்திரி டிபனுக்கு லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டு விடுவார்.

விடியற்காலை நாலே முக்காலுக்கு போன் வரும். “சார், கீழ நிக்கிறேன்.” குரலில் அவசரம் இருக்காது, ஆனால் கேட்டவருக்கு வயிற்றைக் கலக்கும். கீழே போனால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஈரம் காயாத விபூதி. டேஷ்போர்டில் பிள்ளையார், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, அவருக்குப் பக்கத்தில் நாகூர் தர்கா படம். எந்தப் பார்ட்டி ஏறினாலும் அவரவர் கண்ணுக்கு ஒன்று அகப்பட்டுவிடும். வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு மூன்றும் ஒரே ரூட் என்பதால் இந்த ஏற்பாட்டில் கொள்கையும் இருக்கிறது, கிலோமீட்டர் கணக்கும் இருக்கிறது.

அவருடைய மூலமந்திரம் ஒன்றே ஒன்று: “பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க.” பாட்டி பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் இதுதான் பதில், பேரன் வாந்தி எடுத்தாலும் இதுதான். ஆலங்குடியில் தட்சிணாமூர்த்திக்கு முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்ட மாமாவைத் தேடி அவரே உள்ளே வந்து தோளைத் தொடுவார். குருவின் அருள் கிடைக்க இரண்டு நிமிஷம் போதும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அவரிடம் “டிகிரி காபி?” என்று கேட்டுப் பாருங்கள். “சூரியனார் கோயில் முடிச்சுட்டு நல்ல கடையா நிறுத்துறேம்மா” என்பார். சூரியனார் கோயில் முடிந்தால் அது கஞ்சனூராகும். வழியெல்லாம் பித்தளை டபரா படம் போட்ட டிகிரி காபி போர்டுகள், ஒன்றில்கூட நிற்காமல், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் மட்டும் எந்தக் கோயிலுக்குள்ளும் சாமி கும்பிடப் போவதில்லை. “சாமிக்கு என்னைத் தெரியும், நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு சீட்டைச் சாய்த்து, கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்து நாம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் போன் அடிக்கும்.

முன்னால் இருக்கும் கண்ணாடி பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்காக வைத்தது என்று வண்டி செய்தவர்கள் நம்புகிறார்கள். அவர் அதில் பார்ப்பது பின் சீட்டை. திங்களூர் போய்ச் சேர்வதற்குள் குடும்பத்தின் மொத்த நோய்க்குறிப்பும் எடுத்தாகிவிடும். முப்பது தாண்டிய பெண் ஜன்னலோரம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தால், “திருமணஞ்சேரி இங்கிருந்து பக்கம்தாம்மா” என்று பொதுவாக யாரிடமோ சொல்வார். கல்யாணமான ஜோடி என்றால் திருக்கருகாவூர். குழந்தைக்கு நெய், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் என்று மருந்துச்சீட்டும் உண்டு. அப்பா போனை எடுத்து, நம்பரைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் வைத்தால் திருச்சேறை. அது கடன் நிவர்த்தி ஸ்தலம். பிளஸ் டூ பையன் என்றால் கூத்தனூர் சரஸ்வதி. அறுபது ஆகப்போகும் பெரியவரைக் கண்டால் திருக்கடையூர். ரத்த அழுத்தக்காரருக்கு உப்பிலியப்பன் கோயில் பிரசாதம், உப்பில்லாதது, பயப்படாமல் சாப்பிடலாம். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தால் மட்டும் அவர் சற்று யோசிப்பார். “ஐயாவாடியில அமாவாசைக்கு மிளகாய் யாகம் நடக்குது, எதிரி தொல்லை போயிடும்” என்று ரோட்டைப் பார்த்துச் சொல்வார். அதற்கு இருவருமே தலையாட்டுவார்கள்.

ஒரு நாளில் முடிகிற ட்ரிப் மூன்று நாளாவது இப்படித்தான்.

சரி, பன்னிரண்டரைக்கு நடை சாத்தியாகிவிட்டது. நாலு மணி வரை தெய்வங்களுக்கு ஓய்வு. டிரைவருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். காலை முழுக்க ஒரு காபிக்கு நிறுத்தாத மனிதர் இப்போது அநியாயத்துக்குத் தாராளமாகிவிடுவார். வைத்தீஸ்வரன் கோயிலில் செவ்வாயைப் பார்த்த கையோடு, “நாடி பாக்கணுமா சார்? வலது கைப் பெருவிரல் ரேகை குடுத்தா போதும், அம்மாவுக்கு இடது கை” என்பார். வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டார். பட்டு இருக்கிறதே.

தாராசுரத்தில் சௌராஷ்டிரர்களின் பட்டுத்தறிகள் பேர் பெற்றவை. இவருடைய தகப்பனாரும் தறிக்காரர்தான். குழியில் இரண்டு காலையும் விட்டு மிதித்தே ஆயுளைக் கழித்தவர். மகனும் மிதிப்பதை விடவில்லை, தறியிலிருந்து காருக்கு மாறியிருக்கிறார், அவ்வளவுதான். “கடை இல்லம்மா, வீடு. நம்ம சொந்தக்காரங்க. வாங்க வேண்டாம், சும்மா பாருங்க” என்று அழைத்துப் போவார். சும்மா பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பெண்மணி யாராவது இருந்தால் அவருக்குத்தான் கோயில் கட்ட வேண்டும். பார்ட்டி புடவை பிரிக்கும்போது டிரைவர் முற்றத்தில் உட்கார்ந்து சௌராஷ்டிராவில் பேசிக்கொண்டிருப்பார். அந்த உரையாடலில் நமக்குப் புரிகிற வார்த்தை “பர்சன்ட்” ஒன்றுதான்.

இதற்காக அவரைக் கோபிக்க நியாயமில்லை. கண்டிக்குப் போகும் இலங்கை டிரைவர் மாத்தளையில் ஒரு மசாலாத் தோட்டத்தில் நிறுத்தாமல் போனதாகச் சரித்திரம் கிடையாது. பாலித் தீவுக்குத் தேனிலவு போன பிள்ளைகளைக் கேளுங்கள். நெல்வயல் காட்டுகிறேன் என்று அழைத்துப் போன டிரைவர், மரநாய் தின்று போட்ட கொட்டையில் போட்ட காபிக் கடையில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். அத்தனை விலை கொடுத்து அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தவர்கள்தான் இங்கே பட்டுக்கு கமிஷன் போகிறது என்று முணுமுணுக்கிறார்கள். நம்மவர் கொடுத்த சரக்கு பத்து கல்யாணத்துக்கு உடுத்தலாம்.

வெளியூர்ப் பிள்ளைகள் ஆற்றைப் பார்த்ததும் பேர் கேட்பார்கள். குடமுருட்டி, அரசலாறு, முடிகொண்டான், வீரசோழன் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு பாலம் வருகிற ஊர் இது. முதல் இரண்டுக்கு ஒழுங்காகப் பேர் சொல்வார். மூன்றாவதிலிருந்து, “எல்லாம் காவேரிதான் தம்பி.” சித்திரை வெயிலில் வந்து, மணலைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கே என்று கேட்டால், “ஜூன் 12 மேட்டூர் தொறப்பாங்க, அப்ப வாங்க” என்று அடுத்த ட்ரிப்புக்கு அங்கேயே அடிக்கல் நாட்டிவிடுவார். அறுவடைக் காலத்தில் ரோட்டில் பாதியை நெல் காய வைத்து அடைத்திருப்பார்கள். அங்கே மட்டும் அவர் ஹாரன் அடிக்காமல், அந்த நெல்லைத் தொடாமல், ஓரமாக ஊர்ந்து போவார். அப்போது மணி பதினொன்றே முக்காலாக இருந்தாலும் வேகம் கூடாது.

அவரை உண்மையில் திணற அடிப்பது அவருடைய சொந்த ஊர்தான். ஒன்பதில் தாராசுரம் வராது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, உலகமெல்லாம் தெரிந்தது. ஆனால் பார்ட்டி கேட்கும் கேள்வி வேறு: “இங்க என்ன பரிகாரம்?” வீட்டு வாசலிலேயே இருக்கிற கோயிலுக்கு இலாகா இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எமனுக்கு உடம்பெல்லாம் எரிச்சல் கண்டு இந்தக் குளத்தில் குளித்துத் தீர்ந்தது என்று ஸ்தலபுராணம் இருக்கிறதா, அதை எடுத்துக்கொண்டு, “தோல் வியாதிக்கு விசேஷம் சார்” என்று தீர்த்துவிட்டார்.

பரிகாரக்காரர்கள் இருபது நிமிஷத்தில் திரும்பிவிடுவார்கள். சிற்பம் பார்க்க வருகிறவர்களால்தான் ஆபத்து. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தின் முன்னால் நின்று, இந்தப் பக்கம் கையால் மறைப்பதும் அந்தப் பக்கம் மறைப்பதுமாக அரை மணி. சாண் உயரத்தில் வரிசையாக இருக்கும் நாயன்மார் கதைகளைக் குனிந்து பார்த்து ஒரு மணி. கம்பிவேலி போட்ட இசைப்படிகளைக் காட்டி, “சின்னப் புள்ளையில நாங்க தட்டி விளையாடுவோம்” என்று டிரைவர் ஒரு வரி சொல்லி அவர்களை நகர்த்தப் பார்ப்பார். நகர மாட்டார்கள். குதிரையும் சக்கரமும் வைத்துத் தேராகச் செதுக்கிய முன்மண்டபத்தை அவர் தொழில்முறைக் கண்ணோடுதான் பார்ப்பார். எட்டு நூற்றாண்டாக ஒரே இடத்தில் நிற்கிற வண்டி. வெயிட்டிங் சார்ஜ் கணக்குப் பார்த்தால் சோழ கஜானா தாங்காது.

2024-இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரக பஸ் விட்டது. ஆளுக்கு 750 ரூபாய், ஒன்பது கோயில். ஸ்டாண்டில் அன்று கொஞ்சம் சலசலப்புதான். நம்மவர் அசரவில்லை. “பஸ்ஸு உங்க மாமியாருக்காக நிக்குமா சார்?” என்றார். இதற்குப் போக்குவரத்துக் கழகத்திடம் இன்றுவரை பதில் இல்லை.

கடைசியாகத் திருநள்ளாறு. சனீஸ்வரனைப் பார்த்தபின் வேறு எந்தக் கோயிலுக்கும் போகாமல் நேரே வீடு திரும்ப வேண்டும் என்பது ஐதீகம். அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன் என்று பயபக்தியோடு சொல்வார். திருநள்ளாறு காரைக்காலைச் சேர்ந்தது, காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. நளதீர்த்தத்தில் நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தலைமுழுகும் நேரத்தில் அவர் டேங்க்கை வழிய வழிய நிரப்பிக்கொண்டு வந்து நிற்பார். சனி நமக்குக் கழிவதும் அவருக்குச் சேர்வதும் ஏறக்குறைய ஒரே முகூர்த்தம்.

வாடகை, பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் ட்ரிப் ஷீட்டில் எழுதிக் காட்டுவார். அதில் ஒரு பைசா பிசகாது. அதற்கு மேல் எவ்வளவு என்று கேட்டால், “நீங்க பாத்துக் குடுங்க சார்.” உலகத்தில் இதைவிட விலையுயர்ந்த வாக்கியம் கிடையாது.

கணக்கு அதோடு தீர்ந்தது என்று நினைத்து சென்னை வந்து சேர்கிறோம். ஒன்பது அர்ச்சனைச் சீட்டையும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பது மறந்துபோயிருக்கும். கோத்திரம், பேர், நட்சத்திரம் எல்லாம் வீட்டு மனிதர்களைவிட அவருக்கு மனப்பாடம். ஏதோ ஒரு காலை வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு வரும். அதன் பின்னால் குரல் பதிவு: “சார் வணக்கம். சனிப் பெயர்ச்சி வருது. அம்மாவுக்கு, பெரியவருக்கு ஒண்ணும் இல்ல. சின்னவருக்குத்தான் அஷ்டமம். வர்ற சனிக்கிழமை வண்டி காலியா இருக்கு, போட்டுறட்டுமா? அப்படியே 2028 மகாமகத்துக்கும் ரூம் சொல்லி வச்சுடுறேன்.”